ஆறு மூட்டைக் காபியும் முதல் பக்கமும்

1. கையெழுத்து

அக்ரிமென்ட் வந்து சேர்ந்த அன்று எனக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டது. ஆங்கிலமும் அதன் பக்கத்திலேயே தமிழுமாக நாற்பத்தாறு பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போட வேண்டும். அதுவும் நான் போட வேண்டும்.

மலைமேல் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம்; எங்கள் திருப்புலி நாட்டில் உழவர் உற்பத்தியாளர் கம்பெனியின் கிடங்கை நான் பதினோரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மீட்டர் வைத்து ஈரம் பார்ப்பது, ஒரு லிட்டர் மிளகு எத்தனை கிராம் என்று லிட்டர் வெயிட் எடுப்பது, சாக்கு தைப்பது, சாவி வைத்துக்கொள்வது, இவைதான் வேலை. படிப்பு எட்டாவதோடு நின்றுபோனது. டைரக்டர்களில் ஒரு பெண்ணும் இருக்கட்டும் என்று என் பெயரைச் சேர்த்திருந்தார்கள். எதிர்த்துப் பேச மாட்டேன் என்கிற நம்பிக்கைதான் காரணம். சி.இ.ஓ.வாக இருந்த தம்பி வேறு வேலை கிடைத்துப் போய்விட்டான். அதனால் கையெழுத்துப் போட மிச்சம் இருந்தது தலைவர் பொன்னண்ணனும் நானும்தான்.

கவலைப்படுவது என் சுபாவம். கிடங்கைப் பூட்டிவிட்டுப் பாதி வழி போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். சில நாள் இரண்டு தடவை வருவேன். ஊரில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்குப் பிறகு கிடங்கு வேலைக்கு வருகிற பெண்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்களும் சிரித்துவிட்டுப் படியுங்கள்.

அக்ரிமென்ட்டுக்கு முந்தின வருஷம் மிளகு காய்ந்துகொண்டிருக்கும்போதே விலை படுத்துவிட்டது. பறிக்கிற கூலிகூடக் கட்டாது என்று நாலைந்து குடும்பங்கள் கொடியிலேயே விட்டுவிட்டார்கள். அதனால் இந்த வருஷம் ஒரு மசாலா கம்பெனி, மிளகு பச்சையாகக் கொடியில் இருக்கும்போதே விலையை முடிவு செய்துகொள்ளலாம் என்று வந்தபோது, முப்பத்தெட்டுக் குடும்பம் பெயர் கொடுத்தது.

அக்ரிமென்ட்டை விளக்க அந்தக் கம்பெனியின் லீகல் மேடம் காரில் வந்தார். மலைப்பாதையின் எழுபது வளைவும் ஏறி வந்ததில் முகம் வெளுத்திருந்தது. எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டேதான் பேசினார்.

"பேங்குக்கும் பேங்குக்கும் நடக்கிற டெரிவேட்டிவ் வியாபாரத்துக்கு அச்சடிச்ச ஃபாரம் ஒண்ணு இருக்கு. எல்லாரும் அதையேதான் யூஸ் பண்ணுவாங்க. அதையே நாங்க மசாலா சாமானுக்குத் தகுந்த மாதிரி வெட்டி ஒட்டி வெச்சிருக்கோம்."

"டெரிவேட்டிவ்னா என்னங்க?" என்றேன்.

"ஒரு பொருளோட விலையை வெச்சு அதிலேர்ந்து மதிப்பு கிடைக்கிற ஒப்பந்தம். உங்க மிளகு பங்குனியில வரும். பங்குனி விலை யாருக்கும் தெரியாது. அந்தத் தெரியாத விலைக்கு இன்னைக்கே ஒரு முடிவு கட்டுறோம். ஏறினாலும் இதுதான், இறங்கினாலும் இதுதான்."

"அப்ப நாங்க மிளக விக்கறமா, விலைய விக்கறமா?"

"ரெண்டும்னு வெச்சுக்குங்களேன்" என்று சிரித்தார். பிறகு மூன்று விதமான தாள்களைக் காட்டினார். அச்சடித்த பெரிய கட்டுக்கு மாஸ்டர் அக்ரிமென்ட் என்று பெயர். அதில் ஒரு எழுத்தையும் மாற்ற முடியாது. அதன் பின்னால் நமக்கும் அவர்களுக்கும் மட்டும் பொருந்துகிற விஷயங்களை எழுதிய ஷெட்யூல். பிறகு ஒவ்வொரு வியாபாரத்துக்கும் ஒரு ஒற்றைத் தாள், அதற்குக் கன்ஃபர்மேஷன் என்று பெயர். மிளகுக்கான கன்ஃபர்மேஷன் கையோடு வந்திருந்தது.

முதல் பக்கத்தில் "விளக்கம்" என்று தலைப்புப் போட்டு மூன்று சின்னப் பத்திகள். மேடம் கடகடவென்று வாசித்தார். எனக்குப் புரியவில்லை. நான் பக்கத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத் தலைவர் சொன்னார்:

"ஏம்மா மல்லிகா, மொதப் பக்கத்துல என்ன இருக்கப்போவுது? பேரும் ஊருந்தான் இருக்கும். விலை எந்தப் பக்கம்னு பாரு கண்ணு. மேடம் இருட்டறதுக்குள்ள கீழ எறங்கோணுமல்ல."

விலைப் பக்கத்தை எல்லோரும் மூன்று தடவை படித்தோம். முதல் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு வைத்தேன். கையெழுத்துப் போட்டுப் போட்டுக் கடைசிப் பக்கத்தில் என் பெயர் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

2. ஒரு தாள்தானே

மார்கழியில் தலைவர் ஒரு தாளோடு கிடங்குக்கு வந்தார். அந்தக் கம்பெனியின் பர்ச்சேஸ் மேனேஜர் போனில் பேசும்போது, காபி கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். தலைவரும் மரியாதைக்கு, ஆறு மூட்டை தருகிறேன் என்று சொல்லிவிட்டார். அதற்கான கன்ஃபர்மேஷன்தான் அது. மாசி மாதத்தில் ஒரு தேதி போட்டு, அன்றைக்குக் காபி அவர்கள் குடோனில் இறங்க வேண்டும் என்று எழுதியிருந்தது.

"இது எதுக்குங்ண்ணா இப்ப?"

"ஆறே மூட்டை. கேட்டாங்க, இல்லைங்கறதுக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. ஒரு தாள்தானே, போட்டுக் குடு."

போட்டுக் கொடுத்தேன். இந்த இடத்தில் எங்கள் ஆட்கள் பழகிய விதத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் மிளகு ஒரு வியாபாரியிடம் போகும், காபி வேறொருவரிடம் போகும். மிளகுக்காரரோடு சண்டை வந்தால் காபிக்காரருக்குத் தெரியவே தெரியாது. ஒரே வீட்டில்கூடக் காபிப் பேச்சு தனி, மிளகுப் பேச்சு தனி. ஒன்றில் நஷ்டம் வந்தால் மற்றது தாங்கும் என்றுதான் இரண்டையும் வைத்தே இருக்கிறோம். அதனால் அந்தத் தாள் எங்களுக்கு ஒரு தனித் தாளாகவே தெரிந்தது.

மறுநாள் காலையில் அதைக் கோப்பில் வைக்கப் போனபோது அந்தக் கேள்விக்குறி கண்ணில் பட்டது. பூட்டை இழுத்துப் பார்க்கிற மாதிரிதான், அந்தப் பக்கத்தையும் ஒரு தரம் இழுத்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

3. மூன்று பத்தி

எழுத்துக் கூட்டாத குறையாக வாசித்தேன். ஒவ்வொரு வரியையும் கிடங்குச் சாமானில் வைத்துப் பார்த்தால் புரிகிறது என்று கண்டுபிடித்தேன். நீங்களும் அப்படியே செய்யலாம்.

முதல் பத்தி சொல்வது இதுதான்: தடித்த எழுத்தில் இருக்கிற சொற்களுக்கு நாம் நினைக்கிற அர்த்தம் கிடையாது. பின்னால் பதினாலாவது பிரிவில் என்ன எழுதியிருக்கிறதோ, ஷெட்யூலில் என்ன எழுதியிருக்கிறதோ, அதுதான் அர்த்தம். பதினாலாவது பிரிவைப் புரட்டி "வேலை நாள்" என்ற சொல்லைத் தேடினேன். அவர்கள் ஊரில் பேங்க் திறந்திருக்கிற நாள் என்று போட்டிருந்தது. எங்கள் ஊரில் என்ன நடக்கிறது என்பது அதில் எங்கேயும் இல்லை.

இரண்டாவது பத்தி, தாளுக்குத் தாள் வித்தியாசம் வந்தால் எது செல்லும் என்பது. அச்சடித்ததும் ஷெட்யூலும் முரண்பட்டால் ஷெட்யூல் செல்லும். கன்ஃபர்மேஷன் இரண்டோடும் முரண்பட்டால், அந்த ஒரு வியாபாரத்துக்கு மட்டும் கன்ஃபர்மேஷன் செல்லும். நாங்கள் எல்லோரும் கனமான கட்டுதான் பெரியது என்று நினைத்திருந்தோம். ஒற்றைத் தாள்தான் பெரியது.

மூன்றாவது பத்தியை இரண்டு தடவை வாசித்தேன். இந்த மாஸ்டர் அக்ரிமென்ட்டும் இதன் கீழ் போடுகிற எல்லாக் கன்ஃபர்மேஷன்களும் சேர்ந்து ஒரே ஒப்பந்தம். அப்படி நம்பித்தான் இரண்டு தரப்பும் வியாபாரம் செய்கிறோம், இல்லாவிட்டால் எந்த வியாபாரமும் செய்திருக்க மாட்டோம்.

ஒரே ஒப்பந்தம் என்றால், காபி தவறினால் மிளகும் தவறியதாக ஆகும், அவர்கள் இரண்டையும் முறித்துக்கொள்ளலாம். ஆறு மூட்டைக் காபிக்குக் கையெழுத்துப் போட்டபோது முப்பத்தெட்டுக் குடும்பத்தின் மிளகையும் அதே கயிற்றில் கட்டியிருக்கிறேன்.

அடுத்த நிமிஷம் வேறொன்று ஞாபகம் வந்தது. மாசி. எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவான நோம்பி மாசியில் வரும். காப்புக் கட்டிவிட்டால் எட்டு நாளைக்கு ஊர் எல்லையைத் தாண்டி விளைபொருள் எதுவும் போகாது, ஒரு படி சாமைகூட. எங்கள் கிடங்கு எல்லைக்குள் இருக்கிறது. தேதியும் முன்கூட்டித் தெரியாது. சாமியிடம் பூக் கேட்டு, பூ விழுந்த பிறகுதான் பூசாரி நாள் சொல்வார். பங்குனிக்குத் தள்ளி விழுந்த வருஷமும் உண்டு.

4. காப்பு என்றால் என்ன

தலைவரிடம் ஓடினேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, காபி தவறுனா மிளகு வெலையும் போயிரும்ங்க."

"மொளகுக்கும் காபிக்கும் என்னம்மா சம்மந்தம்? பூட்ட இழுத்துப் பாத்தியா இன்னைக்கி?"

"பாத்தேனுங்க. இதையும் பாருங்க."

பத்தியைக் காட்டினேன். அவர் வாசித்துவிட்டு, "நோம்பி அந்தத் தேதியில வருமுன்னு உனக்கு யாரு சொன்னா?" என்றார்.

"வராதுன்னு உங்களுக்கு யாருங்க சொன்னா?"

பதினோரு வருஷத்தில் அவரை நான் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. மாடு நிமிர்ந்து பார்த்தது. அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "அந்த மேடத்துக்குப் போனப் போடு" என்றார்.

ஊரில் சிக்னல் அறுபடாமல் கிடைப்பது கோயில் பின்புறத்துப் பாறையில்தான். அங்கே நின்றுகொண்டு மேடத்திடம் சொன்னேன். அவர் அவசரமாக, "அச்சுல இருக்கறத மாத்த முடியாதுங்க, அன்னைக்கே சொன்னேனே" என்றார்.

"அச்ச மாத்தச் சொல்லலீங்க. மொதப் பக்கம் ரெண்டாவது பத்தியில, கன்ஃபர்மேஷன்தான் செல்லும்னு போட்டிருக்குதுங்க. அந்த ஒத்தத் தாள்ல ஒரு வரி சேத்துக் குடுத்தா போதுமுங்க. காப்பு நாள்ல டெலிவரி கேக்கக் கூடாதுன்னு."

அந்தப் பக்கம் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்றார்.

"எட்டாவதுங்க."

"எங்க ஆபீஸ்ல யாரும் அந்தப் பக்கத்தைப் படிக்கிறதில்லைங்க" என்று சிரித்துவிட்டு, "எழுதலாம். ஆனா காப்புன்னா என்னன்னு நான் டிஃபைன் பண்ணணும். யாருகிட்டக் கேக்கறது?" என்றார்.

பூசாரி பக்கத்திலேயே விபூதி மடித்துக்கொண்டிருந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஐயா, காப்பு எத்தனை மணிக்குக் கட்டுவீங்க?"

"பொழுது சாஞ்சு, தீர்த்தம் வந்த பொறவுங்க."

"அது எத்தனை மணி?"

"தீர்த்தம் வர்ற மணிங்க."

"சரி, எப்ப அவுப்பீங்க?"

"கோயில் முன்னால நட்ட கம்பத்தப் புடுங்கி ஆத்துல உட்ட பொறவு."

"எப்பப் புடுங்குவீங்க?"

"ஏஞ்சாமி, மழை வந்தா ஒரு நாள் தள்ளும், ரெண்டு நாள் தள்ளும். உங்க ஊர்ல மழைய மணி பாத்தா வரச் சொல்றீங்க?"

மேடம் விடவில்லை. முக்கால் மணி நேரம் ஆனது. கடைசியில் ஒரு வரி போதாது, நான்கு வரி வந்தது. பூசாரி கையில் காப்புக் கட்டிய நேரம் முதல் அதை அவிழ்த்த நேரம் வரை காப்பு நாட்கள். டெலிவரி நாள் அதற்குள் விழுந்தால், அவிழ்த்த பிறகு வருகிற ஐந்தாவது வேலை நாள்தான் டெலிவரி நாள். பூ விழுந்து தேதி தெரிந்த இரண்டு நாளைக்குள் நாங்கள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் இந்த வரிகள் செல்லாது.

"மிளகுத் தாள்லயும் போடுங்க மேடம். அந்த ஒரு வியாபாரத்துக்கு மட்டுந்தான் செல்லும்னு போட்டிருக்கே" என்றேன்.

"அதையும் படிச்சிட்டீங்களா?" என்றார்.

இரண்டு தாளும் மாற்றி வந்தன. மிளகு விலை அப்போது நன்றாக இருந்தது, அவர்கள் கம்பெனியில் யாரும் முகம் சுளிக்கவில்லை. நான் ஆங்கிலத்தில் இருந்த தாளையும் ஒவ்வொரு சொல்லாகத் தமிழோடு ஒத்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட்டேன்.

5. பூ விழுந்தது

தை கடைசியில் பத்து நாள் விடாமல் மூடுபனி. களத்தில் கொட்டிய காபி காயவே இல்லை. மீட்டர் பதினைந்து காட்டியது, பன்னிரண்டுக்குக் கீழே வந்தால்தான் மூட்டை கட்டலாம். காப்புக்கு முன்னாலேயே அடிவாரத்துக்கு அனுப்பிவிடலாம் என்ற யோசனையும் அதோடு போனது. ஈரக் காபியை மூட்டை கட்டினால் பூசணம் பிடித்துவிடும்.

மாசியில் பூக் கேட்டார்கள். நான் கூட்டத்தின் பின்னால் நின்று, வேறு எந்த நாளாக இருந்தாலும் சரி தாயே என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பூ விழுந்தது. பூசாரி சொன்ன நாளை விரலில் எண்ணினேன். காபி டெலிவரித் தேதி காப்பின் மூன்றாம் நாளில் வந்து உட்கார்ந்தது.

அன்றைக்கே மேடத்துக்கு வாட்ஸப்பில் எழுதி அனுப்பினேன். பாறையில் ஏறி மெயில் அனுப்பினேன். மறுநாள் முதல் பஸ்ஸில் தபாலாபீஸ் இருக்கிற செம்மேடு போய் ரிஜிஸ்டர் தபாலிலும் அனுப்பி, ரசீதைப் போட்டோ எடுத்து, ரசீதைச் சாவிக்கொத்தோடு கட்டி வைத்தேன். பஸ்ஸில் வந்தவர்கள் எதற்கு மூன்று என்று கேட்டார்கள். எனக்கு நான்காவது வழி தெரியவில்லை, அவ்வளவுதான்.

அதற்குள் கீழே மிளகு விலை இறங்கத் தொடங்கிவிட்டது. நாங்கள் முடிவு செய்த விலை எங்களுக்கு எவ்வளவு நல்லதோ, அவர்களுக்கு அவ்வளவு பாரம். காப்பின் நான்காம் நாள் பர்ச்சேஸ் மேனேஜர் தலைவருக்குப் போன் போட்டார். தலைவர் பேசியதை நான் கேட்கவில்லை. அவர் வேர்த்து விறுவிறுத்துக் கிடங்குக்கு வந்து போனை என் கையில் திணித்ததுதான் தெரியும்.

"மொத்தத்தையும் குளோஸ் பண்றாங்களாமா. நீயே பேசு கண்ணு."

மேனேஜர் குரல் மரியாதையாகத்தான் இருந்தது. "நேத்து காபி வரலைங்க. டெலிவரி ஃபெயிலியர். இன்னைக்கு நோட்டீஸ் அனுப்பறோம், மூணு வேலை நாள் டைம். அதுக்குள்ள வரலைன்னா மிளகு கான்ட்ராக்டும் முடிஞ்சுது. நீங்க முதல் பக்கம் படிச்சிருக்கீங்களா? எல்லாம் ஒரே அக்ரிமென்ட்."

சாவிக்கொத்தில் கட்டியிருந்த ரசீதை அவிழ்த்துக்கொண்டே பேசினேன்.

"படிச்சேனுங்க. மூணாவது பத்திங்க அது. அதுக்கு மேல ரெண்டாவது பத்தி ஒண்ணு இருக்குதுங்க. அதையும் கொஞ்சம் படிச்சுப் பாருங்க. அப்பறம் காபித் தாள்ல அடியில இருக்கற நாலு வரிய."

"எந்த நாலு வரி?"

வாசித்தேன். அவர் கேட்டுவிட்டு, "காப்பு நோட்டீஸ் எங்களுக்கு வரலையே" என்றார்.

"தபால் ரசீது கையில இருக்குதுங்க. நம்பர் சொல்லட்டுங்களா?"

சொன்னேன். மெதுவாக, இரண்டு தடவை சொன்னேன். லீகலில் கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிடவில்லை. சாயங்காலம் மேடத்திடமிருந்து ஒரு வரி வந்தது: "நாங்கள் நோட்டீஸ் அனுப்பவில்லை. காப்பு அவிழ்ந்ததும் தெரிவிக்கவும்."

தலைவர் அதை என் போனில் வாங்கிப் படித்தார். பிறகு கிடங்கிலிருந்து இறங்கியவர் திரும்பி வந்து, கதவுப் பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்த எட்டு நாள் நல்ல வெயில். காபியின் ஈரம் பதினொன்றுக்கு இறங்கியது. மழை வரவில்லை, கம்பமும் தள்ளிப் போகவில்லை. காப்பு அவிழ்த்த மறுநாள் அடிவாரத்திலிருந்து காதர் பாய் லாரி கொண்டுவந்தார். ஆறு மூட்டையைப் பார்த்து, "இதுக்கா எழுபது வளைவு ஏறி வந்தேன்?" என்று திட்டினார். "அந்த ஆறுக்குப் பின்னால முப்பத்தெட்டு ஊடு இருக்குதுங்க பாய்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை, ஆனால் தார்ப்பாயை நன்றாக இழுத்துக் கட்டினார். பங்குனியில் மிளகு பேசிய விலைக்கே போனது. அந்த வருஷம் யார் தோட்டத்திலும் கொடியில் மிளகு மிச்சம் நிற்கவில்லை.

6. புதிதாக வருகிறவர்களுக்கு

இந்த மாதிரி ஒப்பந்தத்தில் எல்லோரும் விலைப் பக்கத்தைத்தான் படிப்பார்கள். அதையும் படியுங்கள். ஆனால் புதிதாக ஒரு தாள் வரும்போதெல்லாம், அது எவ்வளவு சின்னத் தாளாக இருந்தாலும், முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய் இந்தத் தாளால் வேறு எது மாட்டுகிறது என்று பாருங்கள். புரியாத இடத்தில் பென்சிலால் குறி போடுங்கள். குறி போட்டதோடு விட்டுவிடாதீர்கள். நான் ஐப்பசியில் போட்ட குறியை மார்கழியில்தான் பார்த்தேன், நடுவில் ஒரு கையெழுத்தும் போட்டுவிட்டேன். கேட்க வேண்டியதை மேடம் எலுமிச்சம்பழத்தோடு எதிரில் உட்கார்ந்திருந்தபோதே கேட்டிருக்க வேண்டும். வெட்கப்பட்டேன், அதுதான் உண்மை.

கவலைப்படுகிற சுபாவம் எனக்கு இன்னும் போகவில்லை. அது இருந்ததால்தான் அந்தப் பக்கத்துக்குத் திரும்பினேன் என்று சொல்கிறார்கள். இருக்கலாம். வயிறு வலித்தது எனக்குத்தானே.

மறு வருஷமும் அதே நாலு வரியோடு அவர்களுக்குத் தாள் போட்டிருந்தோம். பூக் கேட்ட அன்று எனக்கு உடம்பு சரியில்லை, கோயிலுக்குப் போகவில்லை. கிடங்கில் சாக்கு எண்ணிக்கொண்டிருந்தேன். ஊருக்குச் சொல்கிற பறைச் சத்தம் இன்னும் கேட்கவில்லை. அதற்குள் பூசாரி ஈர வேட்டியோடு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க வாசலில் வந்து நின்றார்.

"பூ உழுந்துருச்சு சாமி. ரெண்டு நாள்தான் டைமு. மொதல்ல அந்த மேடத்துக்கு எழுது, அப்பறம் ஊருக்குச் சொல்லிக்கறேன்."